மூன்றடிக் கோல்

கோல் எதற்கு என்று கேட்டால் அளக்கிறவன் ஒரு பதில் சொல்வான், நொண்டி ஒரு பதில் சொல்வான். கொஞ்ச காலம் நான் அந்த இரண்டு பேருமாக இருந்தேன். ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்லலாம்.

அளக்கிறவன் பதிலை முதலில் சொல்கிறேன். கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, நட்டதும் பால் வெட்டிவிட முடியாது. ஐந்தாறு வருஷம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் மட்டும் போதாது, மரம் பருத்திருக்கவும் வேண்டும். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் மரத்தின் சுற்றளவு பதினெட்டு அங்குலம் இருந்தால் வெட்டலாம். இல்லையென்றால் தொடக்கூடாது. மூன்றடி உயரம் எது என்று ஆளாளுக்குச் சண்டை வராமல் இருக்க ஒரு கோல். சுற்றளவுக்கு ஒரு கயிறு. கோலை மரத்தடியில் நிறுத்தி, அதன் தலை எட்டுகிற இடத்தில் கயிற்றைச் சுற்றுவோம். கயிற்றில் நுனியிலிருந்து பதினெட்டு அங்குலத்தில் ஒரு முடிச்சு போட்டிருக்கும். சுற்றி வந்த நுனி முடிச்சைத் தாண்டினால் மரம் இன்னும் பிள்ளை. முடிச்சைத் தொட்டு நின்றாலோ எட்டாமல் இடைவெளி விட்டாலோ மரம் வெட்டுக்கு வந்துவிட்டது என்று பட்டையில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவோம். கித்தா மரம் அடியில் பருத்து மேலே போகப் போகச் சிறுக்கிற மரம். தாழ்வாக அளந்தால் எல்லாமே பெரிய மரம்தான். அதற்குத்தான் மூன்றடி.

எங்கள் தோட்டத்துக் கோலை ஈப்போவிலிருந்து வந்த ஒரு சீனத் தச்சர் செய்தார். ஸ்டோருக்கு மெஷின் வந்த பெட்டிப் பலகையில் செய்தது. லேசான மரம். பார்ப்பதற்கு மட்டும் அழகாக இருந்தது. அடிக்கு ஒரு பட்டையாக வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மூன்று பட்டை பெயின்ட் அடித்திருந்தார். உதவி மானேஜரான சின்ன துரை அதைத் தன் மடக்கு அளவுகோலை வைத்துச் சரிபார்த்து, தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அதை யாரும் அளக்கவில்லை. அளக்கிற சாமானை யார் அளப்பார்கள்?

தோட்டம் ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்பு மலைகளை ஒட்டி இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஈயச் சுரங்கம், இந்தப் பக்கம் நாங்கள். நானும் என் மனைவியும் ஒரே கங்காணி கப்பலேற்றிக் கொண்டுவந்த ஆட்கள். இரண்டு பேருக்கும் பால்வெட்டு வேலை. அவளுக்கு நல்ல கை. கித்தா மரத்தில் பால் இருக்கிற பட்டைக்கும் உள்ளே இருக்கிற கட்டைக்கும் நடுவே மெல்லிய தோல் மாதிரி ஒன்று உண்டு. உளி அதைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் மரத்துக்குக் காயம். ஆறினாலும் அந்த இடம் முண்டு முண்டாகப் புடைத்துவிடும், மறுபடி வெட்ட முடியாது. அவள் வெட்டிய மரத்தில் காயம் பார்த்தவர் யாரும் இல்லை. அவளுக்கு அதில் பெருமை இருந்தது. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், ஆனால் தன் உளியைத் தீட்ட யாரையும் விட மாட்டாள். என்னையும்தான். நான் சுமாராக வெட்டுகிறவன். என் மரங்களைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மழை ஓய்ந்த ஒரு காலையில், தோளில் வைத்த காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு கால்வாயின்மேல் கிடந்த ஒற்றைப் பலகையில் வந்தேன். பலகை வழுக்கியது. நானும் விழுந்தேன், பாலும் விழுந்தது. ஓடிவந்த கங்காணி முதலில் வாளியைத்தான் தூக்கிப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் கத்திக்கொண்டிருந்ததால் உயிரோடு இருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தது. வாளியின் நிலைமை அப்படித் தெளிவாக இல்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் என் இடது காலை இரண்டு பலகைக்கு நடுவே வைத்துக் கட்டினார். பலகைகள் இரண்டும் ஒரே நீளம். அவிழ்த்துப் பார்த்தபோது கால்கள் இரண்டும் ஒரே நீளமாக இல்லை. "எலும்பு நல்லாச் சேந்துருச்சு" என்று டிரஸர் சந்தோஷப்பட்டார். சேர்ந்தது உண்மைதான். ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சேர்ந்திருந்தது. ஒரு கவைக்கம்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

அந்தக் கவைக்கம்பில்தான் ஆபத்து இருந்தது. ஈப்போவிலிருந்து டாக்டர் துரை அவ்வப்போது மோட்டாரில் வருவார். வேலைக்கு ஆகாதவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களை ஆஸ்பத்திரி வாசலில் தம் முன்னால் நடக்கச் சொல்லுவார். கையில் கம்பு இல்லாமல் நடந்தால் வேலையாள். கம்பு ஊன்றி நடந்தால் பினாங்குக்கு அனுப்பி நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு கம்பளியும் கொடுப்பார்கள் என்று கேள்வி. கம்பளியைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. கப்பலைப் பற்றித்தான்.

கப்பல் எனக்கு மட்டும்தான். அவளுக்குக் கை கால் நன்றாக இருந்தன, அவளைத் தோட்டம் விடாது. ஊரில் எனக்கு நிலமும் இல்லை, வா என்று சொல்ல ஆளும் இல்லை. அவள் இங்கே நின்றுவிட்டால் எனக்கு யாரும் இல்லை. என்னோடு வந்தால் இரண்டு பேருக்கும் சோறு இல்லை. இதில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. நீ என்ன செய்வாய் என்று அவளைக் கேட்கவும் பயமாக இருந்தது. ஆகவே கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் மும்முரமாகக் கருவாட்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

வழி சொன்னவர் கங்காணி. என்மேல் பாசம் என்று சொல்ல மாட்டேன். நான் போனால் தோட்டத்தின் நல்ல கை ஒன்று கூடவே போய்விடுமோ என்ற கவலை அவருக்கு இருந்தது. ஐந்தாறு வருஷத்துக்கு முன் நட்ட புதுக்காட்டில் மரம் அளக்கிற வேலை தொடங்கியிருந்தது. கோலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுக் கவைக்கம்பைப் பிடுங்கிக்கொண்டார்.

"டாக்டர் தொரெ பாக்குறது கம்பத்தான்டா, கால இல்ல" என்றார். "இது ஊனுகோல் இல்ல, ஆபீஸ் சாமான். இத வச்சுக்கிட்டு நீ எங்க நின்னாலும் வேலையில நிக்கிற. வெளங்குதா?"

விளங்கியது. ஊன்றிப் பார்த்தேன். நான் குட்டை. மூன்றடி எனக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

அடுத்த முறை டாக்டர் துரை வந்தபோது என்னைப் புதுக்காட்டிலேயே வந்து பார்த்தார். நான் கோலை ஊன்றிக்கொண்டு நின்றேன். நடக்கச் சொன்னார். நடந்தேன். ஒரு மரத்தடிக்குப் போய்க் கோலை நிறுத்தினேன், கயிற்றைச் சுற்றினோம், பொட்டு வைத்தோம். மறுபடி கோலை ஊன்றி அடுத்த மரத்துக்கு நடந்தேன். டாக்டர் துரை கோலின் பெயின்ட்டைப் பார்த்தார். சின்ன துரை அது தோட்டத்துக் கோல் என்றார். அதோடு டாக்டர் துரைக்கு என் காலில் அக்கறை போய்விட்டது. மோட்டார் ஏறிப் போனார். அன்றைக்கு வீட்டில் முட்டைக்குழம்பு.

கோலைத் தினமும் ஆபீஸில் கொடுத்து வாங்குவது எனக்குச் சிரமம் என்று கங்காணி அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். "ஆபீஸ் சாமான், பத்திரம்" என்றும் சொன்னார். நான் சொன்னபடி செய்கிறவன். அதை ஒரு நிமிஷம்கூடக் கையிலிருந்து விடவில்லை. குழாயடிக்கு அதோடு போனேன், கடைக்கு அதோடு போனேன், முனியாண்டி கோயிலுக்கு அதோடு போனேன். நாங்கள் குடியிருந்த லயத்திலிருந்து புதுக்காட்டுக்குப் போகும் சடக்குப் பாதை சரளைக்கல் போட்டது. ஏறும்போது கோலின்மேல் என் முழு எடையும் இருக்கும். ஆபீஸ் சாமானை இவ்வளவு பொறுப்பாகக் கவனித்த ஆள் அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கயிறு பிடிக்க எனக்குத் துணையாக ஒரு அக்காவைப் போட்டிருந்தார்கள். புல்லுவெட்டிலிருந்து வந்தவர். அதிகம் பேச மாட்டார். புதுக்காட்டை நாங்கள் சுற்றி முடித்ததும், முதல் சுற்றில் தேறாத மரங்களைப் பார்க்க மறுபடி ஆரம்பித்தோம். பிறகு இன்னொரு முறை. ஒவ்வொரு சுற்றிலும் மரங்கள் மளமளவென்று தேறின. பள்ளத்துப் பக்கத்தில் குச்சி குச்சியாக நின்ற மரங்கள்கூடத் தேறின. சின்ன துரைக்கு ஒரே குஷி. பள்ளத்து மண் நல்ல மண் என்றார். கங்காணி, முனியாண்டி கண் திறந்துவிட்டார் என்றார்.  எனக்கு, நம் கை ராசி என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

என் கால்தான் மோசமாகிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் கோலை ஊன்றினால் நிமிர்ந்து நிற்பேன். இப்போது கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. சாயங்காலத்தில் இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. ஏறிச் சேர்ந்த எலும்பு இன்னும் ஏறுகிறது, கால் குட்டையாகிக்கொண்டே போகிறது என்று முடிவுகட்டினேன். டாக்டர் துரை அடுத்த முறை வந்தால் பெயின்ட் அடித்த கோல்கூட என்னைக் காப்பாற்றாது என்று தோன்றியது. இதையும் அவளிடம் சொல்லவில்லை.

பள்ளத்தில் தேறிய மரங்களை ஒரு தனி வெட்டாகப் பிரித்து என் மனைவிக்குக் கொடுத்தார்கள். முதல் வெட்டு போடுகிற மரத்துக்கு நல்ல கை வேண்டும் என்று கங்காணி எல்லோருக்கும் முன்னால் சொன்னார். நான் அளந்த மரத்தை அவள் வெட்டப்போகிறாள் என்று எனக்குச் சந்தோஷம். அவள் முதல் நாள் போய்விட்டு வந்து, கோல் சாய்த்திருந்த சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து அக்கா கயிறு கட்டுவதில் ஒரு கோளாறு தெரிந்தது. கோலின் தலை இருக்கிற இடத்தில் கட்டாமல், அதற்கு மேலே முக்கால் சாண் விட்டுக் கட்டினார். அங்கே மரம் சிறுத்திருக்கும். ஆகவே ஒன்றும் தேறவில்லை.

"என்னக்கா, கயிறு மேல போவுது? கோல் காட்டுற எடத்துல கட்டுங்க" என்றேன்.

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கயிற்றைக் கீழே இறக்கினார். மறுநாளும் மேலே கட்டினார். நான் மறுபடி இறக்கவைத்தேன். அளவு என்றால் அளவாக இருக்க வேண்டும், இஷ்டத்துக்குக் கட்டுவதற்கா துரை கோல் செய்து கொடுத்தார் என்று ஒரு பாட்டம் பேசினேன். அக்கா அதற்குப் பிறகு நான் சொன்ன இடத்திலேயே கட்டினார். மரங்கள் மறுபடி தேற ஆரம்பித்தன. எனக்குத் திருப்தியாக இருந்தது.

பள்ளத்து வெட்டில் பால் குறைவாக வந்தது. அதைவிட மோசம், மரங்களில் காயம் தெரிந்தது. ஒரு மரத்தில் இல்லை, நிரை நிரையாக. பால் நிறுக்கிற இடத்தில் கங்காணி அவளைக் கேட்டார். அவள் வாளியைக் கழுவப் போய்விட்டாள். அடுத்த நாள் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். அதற்கு அடுத்த நாள் லயத்துக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அவளுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தேன். உளியை எப்படிப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டை எங்கே திருப்ப வேண்டும், மூச்சை எப்போது விட வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். சுமாராக வெட்டுகிறவன், தோட்டத்தின் நல்ல கைக்குப் பாடம் நடத்தினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி" என்பாள். மறுநாளும் காயம் விழும். நான் மறுபடி ஆரம்பிப்பேன். ஒரு கட்டத்தில் எனக்கு வேறு மாதிரிச் சந்தேகம் வந்துவிட்டது. நொண்டியோடு வாழ்ந்து அலுத்துப்போய், வேலையில் மனசு விட்டுவிட்டாளோ என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்த நாளில் என்னால் சோறு சாப்பிட முடியவில்லை.

பிறகு ஒரு நாள் ஆள் எண்ணுகிற பெரட்டில், விடியாத இருட்டில் எல்லோரும் வரிசையாக நிற்கையில், சின்ன துரையே அவளைக் கூப்பிட்டார். கங்காணி பக்கத்தில் நின்று கேட்டார்.

"ஏ புள்ள, தொரெ கேக்குறாரு. மரத்த ஏன் கெடுத்த?"

நான் இந்தப் பக்கம் கோலை ஊன்றிக்கொண்டு நின்றேன். அவள் ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கேயோ கீழே பார்த்தாள்.

"கை தவறிருச்சுங்க" என்றாள்.

"எல்லா மரத்துலயுமா?"

"ஆமாங்க."

சின்ன துரை இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கங்காணி அவள் உளியை வாங்கிக்கொண்டார். பள்ளத்து மரங்களுக்கு ஒரு வருஷம் ஓய்வு, அவளுக்குப் புல்லுவெட்டு என்று தீர்ப்பு. பால்வெட்டிலிருந்து புல்லுவெட்டுக்கு இறங்குவது என்றால், தோட்டத்தில் அதைவிடக் கீழே போக இடம் இல்லை. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் உளி இல்லாத கையை என்ன செய்வது என்று தெரியாதவள் மாதிரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு போய்ப் புல்லுவெட்டு வரிசையில் நின்றாள்.

சாயங்காலம் நான் கத்தினேன். இனி யார் முகத்தில் முழிப்பேன் என்றேன். உனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல் என்றேன். நான் பாரமாக இருக்கிறேன் என்றால் அதையும் சொல் என்றேன். பக்கத்து வீட்டில் பேச்சு நின்றுபோனது, நன்றாகக் கேட்பதற்காக.

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். சுவரில் சாய்த்திருந்த கோலை எடுத்து என் மடியில் போட்டாள்.

"அடியப் பாரு" என்றாள்.

தலைப்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை, முழுசாக. நடுவில் கறுப்புப் பட்டை, முழுசாக. அடியில் இருந்த வெள்ளைப் பட்டையில் பாதிக்குமேல் காணோம். நுனி, துவைத்த துணியின் ஓரம் மாதிரி பிசிறிப் போயிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் அது என் கையிலேயே இருந்தது. நானும் அக்காவும் எப்போதும் கோலின் தலையைத்தான் பார்த்தோம். கயிறு அங்கேதான் போகிறது. அடியைப் பார்க்க வேலை இல்லை.

என் கால் குட்டையாகவில்லை. கோல்தான் குட்டையாகியிருந்தது. பள்ளத்து மண்ணும் நல்ல மண் இல்லை, முனியாண்டியும் கண் திறக்கவில்லை. நான் நடந்து நடந்து தேய்த்த கோலை வைத்து மரத்தின் காலடியில் போய் அளந்து, பிள்ளை மரங்களையெல்லாம் வெட்டுக்கு அனுப்பியிருந்தேன். அவ்வளவு மெல்லிய பட்டையில் உளியை வைத்தால் யார் கையாக இருந்தாலும் கட்டையில்தான் போய் நிற்கும்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மொத நாளே. மரத்தக் கட்டிப் புடிச்சாத் தெரியாதா? அப்புறம் வீட்டுக்கு வந்து கோலப் பாத்தேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? நேராப் போயி, கங்காணி, கோல் தேஞ்சுபோச்சுன்னு நிப்ப. எப்படித் தேஞ்சுச்சுன்னு தொர கேப்பாரு. நடந்து தேஞ்சுச்சும்ப. அப்புறம் அது கோலா, ஊனுகோலா?" அவள் குரல் உயரவே இல்லை. "அந்தக்காகிட்டச் சொல்லிக் கயித்த மேல கட்டச் சொன்னேன். நீதான் வுடல. அளவு அளவுன்னு எறக்கி வச்ச."

 இத்தனை நாளும் அவள் அரிசியில் கல் பொறுக்கியபடி என் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததை நினைத்தேன். மணிக்கட்டு, மூச்சு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "சரி" என்று சொன்னாள். ஒரு தடவையாவது கோலை எடுத்து என் தலையில் போட்டிருக்கலாம். நான் அழுதேன். ஆம்பிளை அழுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டேன்.

விடிந்ததும் பெரட்டில் கோலைக் காட்டி உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உன் உளியைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்றேன். கப்பல் என்றால் கப்பல், கம்பளியாவது கிடைக்கும் என்றேன். அவள் சோறு போட்டாள்.

நான் எழுந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சுவர் ஓரத்தில் கோல் இல்லை. அடுப்பைப் பார்த்தேன். பெயின்ட் எரிகிற நாற்றம் அடித்தது. கறுப்புப் பட்டை கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. அதையும் அவள் உள்ளே தள்ளினாள். அதன்மேல் கோப்பித் தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது.

"கோல் காணாமப் போச்சுன்னு சொல்லு" என்றாள். "திட்டுவாங்க. திட்டிட்டுப் புதுசு குடுப்பாங்க."

"ஒன் உளி?"

"மரத்தக் கெடுத்தது நான்னு ஆகிப்போச்சு. இனிமே அந்தப் பள்ளத்துல போயி எவனும் அளக்க மாட்டான். ஒரு வருசத்துல மரமும் பருத்துரும். நீ வாயத் தொறந்தா எல்லாம் கெட்டுது."

"ஒன் பேரு கெட்டுப்போச்சே" என்றேன்.

"பேரு கெட்டதுக்கெல்லாம் கப்பல்ல ஏத்த மாட்டாங்க" என்றாள். கோப்பியை என் முன்னால் வைத்தாள்.

அப்புறம்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. கோல் எரிந்துவிட்டது. பெரட்டுக்கு நான் எப்படி நடந்து போவது? கவைக்கம்பு கங்காணியிடம் இருந்தது. பொண்டாட்டி தோளில் கையைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் நடக்கிற வழக்கம் அப்போது கிடையாது. அவள் வெளியே போய், புல்லுவெட்டுக்கு அவளுக்குப் புதிதாகக் கொடுத்திருந்த சங்குலை, அந்த நீளக் காம்பு போட்ட மண்வெட்டியை, எடுத்துவந்து கொடுத்தாள். இரும்பைக் கீழே வைத்து ஊன்றிப் பார்த்தேன். கனமாக இருந்தது, ஆனால் நின்றது. பொண்டாட்டி சாமானைப் புருஷன் தூக்கி வருகிறான், வேறென்ன என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவள் எனக்கு முன்னால், மெதுவாக, பின்னால் வருகிறவனுக்குத் தன் நடை தெரிகிற மாதிரி நடந்தாள். பாதி வழியில் திரும்பாமலே சொன்னாள்.

"புல்லுவெட்டுக்குப் போனதும் நல்லதுதான். அந்த உளிய ஊன முடியுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை.

கங்காணி திட்டினார். ஆபீஸ் சாமானைத் தொலைத்தவன் என்று சின்ன துரையும் திட்டினார். அந்த வாரமே புதுக்கோல் வந்தது, அதே பெட்டிப் பலகையில், அதே மூன்று பட்டையோடு. பால் டின் மூடி ஒன்றை வெட்டி அவள் அதன் அடியில் ஆணி வைத்து அடித்தாள். கேட்டவர்களுக்கு, கறையான் அரிக்காமல் இருக்க என்று சொன்னேன். அடுத்த சுற்றில் மரங்கள் சரியாகத் தேறவில்லை. மழை குறைவு என்றார் சின்ன துரை. டாக்டர் துரை வந்தார், பெயின்ட்டைப் பார்த்தார், போனார். நான் நிமிர்ந்து நின்றேன்.

அந்தத் தோட்டத்தில் நாங்கள் இருந்த வரைக்கும் அவள் கையில் யாரும் உளி கொடுக்கவில்லை. பள்ளத்து மரங்களுக்கு ஓய்வு முடிந்து, ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு அந்த வெட்டைக் கொடுத்தார்கள். கங்காணி அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, புடைத்துப்போயிருந்த பழைய காயங்களில் விரலை வைத்துக் காட்டினார். நான் பக்கத்து நிரையில் அளந்துகொண்டிருந்தேன். என் மனைவி அந்த மரங்களுக்கு நடுவிலேயே புல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தா பாரு தங்கச்சி, இப்படி மட்டும் வெட்டக் கூடாது" என்றார் கங்காணி. "இது அந்தா நிக்கிது பாரு, அந்த அம்மா பண்ணுன வேல."

புதுப்பெண் திரும்பி என் மனைவியைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். என் மனைவி குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை, வேலையைப் பார் என்கிற பார்வை. நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்றடியும் முழுசாக இருந்த கோலை ஊன்றி அடுத்த மரத்துக்கு நடந்தேன்.